கையொப்பமும் ஒரு சாட்சியமே



2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதி. ரமளான் விடுமுறை முடிந்து எங்கள் மதரஸா திறந்திருந்த சமயம். அஸர் தொழுகைக்குப் பின் ஆத்தூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் பழைய நாளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோலை அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏப்ரல் 4ஆம் நாள் பதவியிலிருந்து நீக்கிய செய்தி அதில் இருந்தது. "ஹஜ்ரத், ஒரு நாட்டின் தலைவரையே இப்படி நீக்க முடியுமா? நம் நாட்டிலும் முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்" என்றேன். கல்லூரியில் படித்த சட்டத்தை நினைவுபடுத்திச் சொல்லியும் அனுப்பினேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் மறக்க விரும்பும் ஒரு கையொப்பத்தை அந்தக் கேள்வி நினைவூட்டிவிட்டது. அதனை இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், நாட்டுத் தலைவர்களை நீக்க முயன்ற வரலாறுகள் சிலவற்றை உங்களோடு சேர்ந்து பார்க்க விழைகிறேன்.

சட்டம் கட்டிய படிகள்

நமது இந்திய அரசியலமைப்பின் 61ஆம் பிரிவு குடியரசுத் தலைவரை நீக்கும் வழியைக் கூறுகிறது. அரசியலமைப்பை மீறினார் என்பதே அதற்குரிய குற்றச்சாட்டு. நாடாளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையில், மொத்த உறுப்பினர்களுள் கால்பங்கினருக்குக் குறையாதோர் கையொப்பமிட்டு, குறைந்தது 14 நாட்கள் முன்னறிவிப்புத் தரவேண்டும். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஏற்றால் குற்றச்சாட்டு மறு அவைக்குச் செல்லும். மறு அவை அதனை விசாரிக்கவோ விசாரிக்கச் செய்யவோ வேண்டும். குடியரசுத் தலைவர் தாமே வந்தோ, தம் சார்பில் ஒருவரை அனுப்பியோ மறுமொழி கூறலாம். விசாரணைக்குப் பின் அந்த அவையிலும் மூன்றில் இரு பங்கினர் ஏற்றால்தான் அவர் பதவி இழப்பார். 1950ஆம் ஆண்டு முதல் இன்றுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் இவ்வாறு நீக்கப்பட்டதில்லை.

இந்தப் படிகளை உற்று நோக்குங்கள். குற்றம் சாட்டுவோர் முதலில் தம் பெயரை எழுதித் தந்து பொறுப்பேற்கின்றனர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆயத்தமாக அவகாசம் கிடைக்கிறது. விசாரணை நடக்கிறது. முடிவு அதன் பிறகே வருகிறது. ஒரு படி தவறினாலும் ஏறுவோர் விழுவர். அப்படி விழுந்த கதை நமக்கு மிக அண்மையில், பாக் நீரிணைக்கு அப்பால் நடந்திருக்கிறது.

கொழும்பில் நடந்தது

1991ஆம் ஆண்டு எனக்குப் பதினொரு வயது. என் அத்தா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சுவேலை செய்துவந்தார். பட்டறையில் வானொலிப்பெட்டி ஒன்று எந்நேரமும் பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கும். இலங்கை முஸ்லிம்களின் துயரச் செய்திகள் அடுத்தடுத்து வந்த காலம் அது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுடப்பட்டிருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டிருந்தனர். ஆதலால் கொழும்புச் செய்தி என்றால் பட்டறையில் உளியும் சுத்தியலும் சற்று ஓயும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் வந்தது அந்தச் செய்தி. ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டார். அச்சபாநாயகரின் பெயர் எம்.எச். முகம்மது. கொழும்பு மாநகரின் மேயராகவும், பின்னர் அமைச்சராகவும் இருந்தவர். எச்.எஸ். இஸ்மாயில், பாக்கீர் மாக்கார் ஆகியோருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்த முஸ்லிம். ஜனாதிபதியின் கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சியையே சேர்ந்தவர்.

பிரேரணையை முன்னின்று நடத்தியோரும் அக்கட்சியினரே. லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்னும் இருவரும் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் ஆட்சியில் பெரும் பொறுப்புகள் வகித்தவர்கள். தனிமனித ஆட்சி நடக்கிறது, அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது அவர்களது குற்றச்சாட்டு. எதிர்க்கட்சியினரும் அவர்களோடு சேர்ந்து கையொப்பமிட்டனர்.

இலங்கை அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை வகுத்த வழி இது: 225 உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் கையொப்பமிட வேண்டும். அல்லது, பாதிப்பேருக்குக் குறையாதோர் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டுகள் உயர் நீதிமன்றத்தால் விசாரிக்கத் தக்கவை என்று சபாநாயகர் மனநிறைவு கொள்ள வேண்டும். பின்னர்ச் சபையில் மூன்றில் இரு பங்கினர் ஏற்றால் உயர் நீதிமன்றம் விசாரிக்கும். குற்றம் மெய்யென்று நீதிமன்றம் கண்டால் மீண்டும் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்து நீக்கலாம். சபாநாயகர் இத்தகைய பிரேரணையை முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டால் அதன்பின் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்க இயலாது. ஆகவே ஒரு மனிதரின் பேனா முனையில் அன்று ஒரு நாட்டின் அரசியல் நின்றது.

கலைக்க இயலாத ஜனாதிபதிக்குக் கூட்டத்தொடரை ஒத்திவைக்கும் அதிகாரம் இருந்தது. அடுத்த சில நாட்களுக்குள் அவர் அதனைச் செய்தார். கிடைத்த வாரங்களில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தலைவரிடம் திரும்பினர். கையொப்பமிட்டோரில் சிலர் அதனை மீளப்பெற்றனர். அக்டோபர் மாதத்தில், செல்லத்தக்க கையொப்பங்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்று கூறிச் சபாநாயகர் பிரேரணையைக் கைவிட்டார். உயர் நீதிமன்றத்தின் முன் அக்குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட வரவில்லை.

அன்று மாலை பட்டறையில் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே அத்தா கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது: "கையெழுத்துப் போட்டவங்கெல்லாம் இப்ப எங்கே போனாங்க?"

விளைவுகள்

லலித்தும் காமினியும் அவர்களைச் சார்ந்த சிலரும் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்த வெளியேற்றம் செல்லும் என்று நீதிமன்றம் கூறியதால் பாராளுமன்ற ஆசனங்களையும் இழந்தனர். ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணி என்ற புதுக்கட்சியைத் தொடங்கித் தெருவில் இறங்கினர்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கொழும்பு கிருலப்பனையில் தேர்தல் மேடையில் நின்ற லலித் சுட்டுக்கொல்லப்பட்டார். எட்டு நாட்கள் கழித்து, மே 1ஆம் நாள், மே தின ஊர்வலத்தில் தற்கொலைக் குண்டுதாரியால் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டார். கட்சிக்குத் திரும்பி ஜனாதிபதி வேட்பாளராக நின்ற காமினி 1994ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மற்றொரு குண்டுவெடிப்பில் உயிரிழந்தார்.

இம்மூன்று கொலைகளும் அந்தப் பிரேரணையால் விளைந்தவை என்று நான் சொல்லவரவில்லை. அந்நாட்டில் அன்று நடந்த போர் எத்தனையோ தலைவர்களைக் கொன்றது. நான் சுட்டுவது வேறொன்று. லலித் கொல்லப்பட்டபோது பழியை யார்மீது சுமத்துவது என்பதில் நாடே இரண்டுபட்டது. காவல்துறை விடுதலைப் புலிகளைச் சுட்டியது. எதிரணியினரோ ஜனாதிபதியின்மீதே ஐயம் கொண்டனர். பின்னர் வந்த அரசு நியமித்த ஆணைக்குழு, பிரேமதாசவைச் சூழ்ந்திருந்தோரைக் குற்றம் சாட்டிற்று. பிரேமதாசவின் ஆட்சிபற்றிய ஐயங்கள் 1991ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத்தில் அலசப்பட்டிருந்தால், ஒன்று அவை மெய்ப்பிக்கப்பட்டிருக்கும். இன்றேல் அவர் அவற்றிலிருந்து நீங்கியிருப்பார். இரண்டும் நடவாததால், வதந்தியே நீதிபதியாயிற்று. குற்றம் சாட்டியவருக்கும் நீதி கிட்டவில்லை, சாட்டப்பட்டவருக்கும் கிட்டவில்லை.

சபாநாயகர் முகம்மதுவை, ஏற்றதற்காகச் சிலரும் கைவிட்டதற்காகச் சிலரும் பழித்தனர். அவர் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஆனால் கையொப்பமிட்டவர்கள் தம் கையொப்பத்தோடு நின்றிருந்தால், அந்தச் சுமை அவர் ஒருவர் தலையில் விழுந்திருக்காது.

குதூரி சொல்லித்தரும் பாடம்

எங்கள் மதரஸாவில் ஓதப்படும் "முக்தஸருல் குதூரி" எனும் ஹனஃபி சட்டநூலில், சாட்சிகள் தம் சாட்சியத்திலிருந்து பின்வாங்குவது பற்றித் தனியே ஒரு பாடம் உண்டு. தீர்ப்புக்கு முன் பின்வாங்கினால் சாட்சியம் விழுந்துவிடும். தீர்ப்புக்குப் பின் பின்வாங்கினால் தீர்ப்பு மாறாது. ஆனால் அச்சாட்சியத்தால் பிறருக்கு நேர்ந்த இழப்பைச் சாட்சிகளே ஈடுசெய்ய வேண்டும். இவற்றைவிட நுட்பமான விதி மூன்றாவது. பின்வாங்குவதென்றால் நீதிபதியின் முன்னிலையில்தான் பின்வாங்க வேண்டும். வெளியே, வீட்டுத் திண்ணையில் கூறும் மறுப்புக்கு மதிப்பில்லை.

சபை உறுப்பினரின் கையொப்பம் காஜியின் முன் கூறும் சாட்சியம் ஆகாது என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த அளவுகோல் எவ்வளவு நேர்மையானது பாருங்கள்! விசாரணை மன்றத்தில் நின்று "நான் தவறாகக் கூறினேன்" என்பவரிடம், ஏன் கூறினாய், யார் கூறச்சொன்னார், இப்போது யாருக்கு அஞ்சுகிறாய் என்று கேட்கலாம். மறைவில் பின்வாங்குபவரிடம் எதனையும் கேட்க இயலாது. 1991இல் கொழும்பில் கையொப்பங்கள் இடப்பட்டதும் மறைவில், மீளப்பெறப்பட்டதும் மறைவில்.

தில்லியும் சியோலும்

நாமும் பெருமை பாராட்டுவதற்கில்லை. பிரேமதாச கொல்லப்பட்டுப் பத்தே நாட்களில், 1993ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், தில்லி மக்களவையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவிநீக்கும் தீர்மானம் அது. அவர் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப்பணத்தைச் செலவிட்ட முறை பற்றியவையே முதன்மையான குற்றச்சாட்டுகள். 108 உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். 1991இல் மக்களவைத் தலைவர் ரபி ரே அதனை ஏற்றார். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டன என்று அறிக்கை தந்தது.

வாக்கெடுப்பில் 196 பேர் ஆதரித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆனால் 205 பேர் வாக்களிக்காமலே அமர்ந்திருந்தனர். தீர்மானம் வீழ்ந்தது. நீதிபதி 1994ஆம் ஆண்டு ஓய்வுபெறும்வரை பதவியிலிருந்தார். கொழும்பில் விசாரணை நடக்கவில்லை. தில்லியிலோ நடந்த விசாரணைக்கு விடை சொல்ல ஆளில்லை. "குற்றமற்றவர்" என்று எழுந்து சொல்லவும் அந்த 205 பேருக்கு மனமில்லை. "குற்றவாளி" என்று சொல்லவும் துணிவில்லை.

சியோல் நகரைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு மார்ச்சில் தென்கொரியச் சட்டமன்றம் அதிபர் ரோ மூ-ஹியூனுக்கு எதிராகப் பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம், நீக்குமளவுக்குப் பிழை பெரிதில்லை என்று கூறி அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் அதே நீதிமன்றம் பார்க் குன்-ஹேயை நீக்கியது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்த யூன் சுக் இயோலுக்கு எதிராகச் சட்டமன்றத்தின் 300 உறுப்பினர்களில் 204 பேர் வாக்களித்தனர். நீதிபதிகள் எண்மரும் ஒருமனதாக அவரை நீக்கினர். இரண்டு மாதங்களுக்குள் புதிய தேர்தலும் நடந்துமுடிந்தது. ஒருவரைக் காத்ததும் இருவரை நீக்கியதும் ஒரே வாசல்தான். அந்த வாசல் திறந்திருந்ததால், தோற்றவரின் ஆதரவாளர்கள் அழுதாலும், நாடு நடந்தது.

இலங்கையில் அவ்வாசல் 1991க்குப் பிறகும் திறக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்தனர். கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறி, வெளிநாட்டிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார். சட்டத்தின் வாசல் பயன்படாதபோது மக்கள் மதிற்சுவரைத் தேடுகிறார்கள்.

என் கையொப்பம்

இனி, நான் தள்ளிப்போட்ட கதைக்கு வருகிறேன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இராசிபுரம் வட்டாரத்தில் ஓர் ஊர்ப் பள்ளிவாசலில் நான் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவந்தேன். அவ்வூர் முத்தவல்லி மரவள்ளிக்கிழங்கு வியாபாரம் செய்த பெரியவர். பள்ளிவாசலுக்குச் சொந்தமான நான்கு கடைகளின் வாடகை முறையாகக் கணக்கில் வரவில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவரை நீக்கக்கோரும் மனு ஒன்று கைமாறி வந்தது. முன்னால் இட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன், மனுவைப் படிக்கவில்லை. கையொப்பமிட்டேன். "ஹஜ்ரத்தே போட்டுவிட்டார்" என்று சொல்லி எனக்குப் பின்னால் பலர் இட்டனர்.

1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 64ஆம் பிரிவு முத்தவல்லியை நீக்குவதற்கும் இதே போன்ற படிகளைத்தான் வகுத்திருந்தது. முதலில் விசாரணை நடைபெற வேண்டும். பின்னர் வாரிய உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் முடிவெடுக்க வேண்டும். அவ்வாறே விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். "எனக்குத் தெரியாது, எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன்." இதுவே பெரும்பாலோர் விடை. என் முறை வந்தது. அத்தா பட்டறையில் கேட்ட கேள்வி என் நெஞ்சில் ஒருகணம் எழுந்தது. ஆயினும் நானும் அதே விடையைத்தான் சொன்னேன். கணக்குப் புத்தகம் திறக்கப்படாமலே மனு மூடப்பட்டது.

முத்தவல்லி பதவியில் இருந்தார். ஆனால் அவர் கடந்து செல்லும்போதெல்லாம் திண்ணைப் பேச்சு நின்றுபோகும். அவர் நோயுற்றுப் படுத்திருந்தபோது மன்னிப்புக் கேட்கப் போனேன். "பெரியத்தா, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றேன். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருவராவது கேட்டிருந்தால் காட்டியிருப்பேன், ஹஜ்ரத். யாரும் கேட்கவில்லையே" என்றார்.

அவர் உத்தமரா, பிழை செய்தவரா? இன்றுவரை அவ்வூரில் எவருக்கும் தெரியாது. அவருடைய மகன் ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எவரோடும் பேசாமல் வெளியேறிவிடுகிறார். அந்த இளைஞரின் முதுகை அவ்வூருக்குச் செல்லும்போதெல்லாம் பார்க்கிறேன். குதூரியில் நான் நடத்தும் பாடத்தின்படி, அவருக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு தரவேண்டியவர்களுள் நானும் ஒருவனல்லவா?

வாசகர்களே! நம்மில் ஒருவர்கூட எந்த நாட்டின் தலைவரையும் நீக்கும் தீர்மானத்தில் கையொப்பமிடப் போவதில்லை. ஆனால் ஜமாஅத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலும், தெருவிலும் ஏதேனும் ஒரு மனு நம் கைக்கு வந்தே தீரும். வரும்போது நின்று படியுங்கள். அதிலுள்ளதில் எது நீங்கள் அறிந்தது, எது கேள்விப்பட்டது என்று உங்களையே கேளுங்கள். அறியாததாயின் பேனாவைத் திருப்பிக் கொடுங்கள். அது கோழைத்தனம் ஆகாது. அறிந்ததாயின் இடுங்கள், பின்னர் எவர் வந்து கேட்டாலும் "ஆம், நான்தான் இட்டேன், காரணம் இது" என்று சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வாய்திறந்து மறுமொழி கூறவும், கணக்கை விரித்துக் காட்டவும் ஓர் இடம் வேண்டும் என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

என்னிடம் வந்த அந்த மாணவருக்கு அன்று சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் பாடம் தொடங்குமுன் இந்தக் கதையையும் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. பிறகு அவர் கேட்டார்: "ஹஜ்ரத், அந்த மகனிடம் நீங்கள் பேசினீர்களா?"

இல்லை. இன்னும் பேசவில்லை. வரும் ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் அவர் பக்கத்தில் நிற்க நிய்யத் செய்திருக்கிறேன். எனக்காக துஆச் செய்யுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.